பெரியம்மா பாதியில் விட்ட குவில்ட்: குளிருக்குள் முடிக்க முடியுமா?

இலைச்சருகு · செப்டம்பர் 23

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இந்த மன்றத்தில் இது என் முதல் பதிவு.

போன வருடம் பெரியம்மா தவறிவிட்டார். அவருடைய துணி அலமாரியை ஒழித்தபோது, பழைய படுக்கை விரிப்பில் சுற்றி வைத்த ஒரு குவில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை, கிடைத்தது. மூன்று அங்குலச் சதுரங்களை ஒன்பது ஒன்பதாகச் சேர்த்த கட்டங்கள், குறுக்கே ஏழு, நெடுக்கே எட்டு, ஆக 56. மேல்துணி, உள்பஞ்சு, அடித்துணி மூன்றையும் வெள்ளை நூலால் பெரிய தையலாக ஓட்டி வைத்திருக்கிறார். நடுவிலிருந்து தொடங்கி 32 கட்டங்களைக் கையாலேயே தைத்தும் விட்டார். எல்லாச் சதுரத்திலும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடு. மீதி 24 கட்டம்.

தைக்கும்போது துணியைப் பிடித்துக்கொள்ளும் மர வளையம் இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. கடைசியாகத் தைத்த இடத்தில் ஊசி குத்தியே இருக்கிறது, அதில் ஒரு சாண் நூல் தொங்குகிறது. ஊசியைச் சுற்றித் துணியில் பழுப்பாகத் துரு.

இதை முடித்து, இந்தக் குளிருக்கே என் மகளுக்குப் போர்த்திவிட ஆசை. ஆனால் பெரியம்மாவின் தையலை அளந்து பார்த்தேன். ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையல், ஒன்று போல. ஒரு துண்டுத் துணியில் நான் தைத்துப் பார்த்தால் அங்குலத்துக்கு ஐந்துதான் வருகிறது, அதுவும் கோணலாக. இப்படியே தொடர்ந்தால் எங்கே அவர் விட்டார், எங்கே நான் தொட்டேன் என்று யாருக்கும் தெரியும். முழுவதையும் பிரித்து என் கையாலேயே ஒரே சீராகத் தைப்பதா? இல்லை, பழகி அவர் அளவுக்கு வந்த பிறகு தொடுவதா? எனக்கு மாலையில் அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

---

ஊசிக்காது · செப்டம்பர் 23

இலைச்சருகு, மற்ற கேள்விக்கெல்லாம் பிறகு வருகிறேன். முதலில் இன்றே அந்த வளையத்தைக் கழற்றுங்கள். வளையம் நாள்கணக்கில் இருந்தாலே மடிப்பு விழும், அழுக்கும் கோடாகப் படியும். நான் ஒவ்வொரு நாளும் தைத்து முடித்ததும் கழற்றிவிடுவேன்.

அடுத்து ஊசி. வெடுக்கென்று இழுக்காதீர்கள். துருப்பிடித்த ஊசி சொரசொரப்பாக இருக்கும், இழையை அறுத்துக்கொண்டு வரும். முதலில் நூலை ஊசிக்காதிலிருந்து மெல்ல உருவுங்கள். பிறகு ஊசியை விரலால் இப்படியும் அப்படியும் உருட்டித் தளர்த்தி, எந்தப் பக்கம் வெளியே குறைவாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு எதிராக, அதாவது துரு ஏறிய பகுதி துணிக்குள் குறைந்த தூரம் போகும்படி எடுங்கள்.

நூலை வெட்ட வேண்டாம். அந்த ஒரு சாண் அப்படியே இருக்கட்டும். பின்னால் வேறு ஊசியில் கோத்துக்கொள்ளலாம்.

துருக்கறைக்குக் குளோரின் பிளீச் போட்டுவிடாதீர்கள். அது துருவை இன்னும் அழுத்தமாக்கிவிடும், துணியும் நைந்து போகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினால் லேசாகும். ஆனால் பழைய பருத்திக்கு அமிலம் ஆகாது, ஒரு பொட்டுகூடத் தங்காமல் அலச வேண்டும். மற்ற துணிகளின் சாயம் நிற்குமா என்று தெரியாத நிலையில் நான் அதைத் தொடவே மாட்டேன், கறையை அப்படியே விட்டுவிடுவேன்.

---

பஞ்சுமூட்டை · செப்டம்பர் 24

மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இயந்திரத்தில் தைத்து முடித்துவிடுங்கள். மூன்று பேருடைய பாதிக் குவில்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்றுமே "கையால்தான் முடிப்பேன்" என்று எடுத்தவை, மூன்றும் மறுபடி அலமாரிக்கே போயின. போர்வை என்றால் போர்த்த வேண்டும். உங்கள் மகள் இந்தக் குளிரில் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினால் பெரியம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

---

ஊசிக்காது · செப்டம்பர் 24

பஞ்சுமூட்டை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. முழுக்க இயந்திரத்தில் தைத்த குவில்ட்டை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன், நன்றாக உழைக்கும். ஆனால் இது பாதி கையால் தைத்தது. கைத்தையலில் ஊசிக்கு ஊசி இடைவெளி உண்டு, நூலும் கொஞ்சம் தளர்வாக ஓடும், அதனால் துணி வளைந்து கொடுக்கும். இயந்திரத் தையல் மேலும் கீழும் இரண்டு நூலைப் பூட்டி இறுக்கிவிடும். ஒரே போர்வையில் ஒரு பாதி மெத்தென்றும் மறு பாதி விறைப்பாகவும் இருக்கும். அது கண்ணைவிடக் கைக்குத்தான் சட்டென்று தெரியும். நெடுக ஓட்டிய நூலுக்கு மேல் இயந்திரத்தின் பாதம் ஏறும்போது மேல்துணி தள்ளப்பட்டு, பெரியம்மா விட்ட கோட்டருகே சுருக்கம் விழவும் வாய்ப்பு அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று அங்குலச் சதுரத்தில் ஒரு மூலைவிட்டம் நாலேகால் அங்குலம். இரண்டுக்கு எட்டரை. கட்டத்துக்கு ஒன்பது சதுரம் என்றால் சுமார் 76 அங்குலம். 24 கட்டத்துக்கு ஏறக்குறைய 150 அடி. பழக்கமில்லாத கை ஒரு அடி தைக்கக் கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் 38 மணி நேரம். தினம் அரை மணி வீதம் 76 மாலைகள். இன்று தொடங்கினால் டிசம்பர் இரண்டாம் வாரம். முடியும்.

பிரிப்பதைப் பற்றி: பிரிக்காதீர்கள். தையல் போட்ட பழைய துணியில் ஊசித் துளைகள் இருக்கும். பிரித்த இடத்தில் அவை புள்ளி புள்ளியாகத் தெரியும், பக்கத்திலேயே நீங்கள் புதிதாகக் குத்தப்போகும் துளைகளும் சேரும். 32 கட்டத்தைப் பிரித்து மறுபடி தைப்பது என்றால் இன்னும் 200 அடி.

---

நூலாம்படை · செப்டம்பர் 24

பிரிக்க வேண்டாம் என்பதற்கு நானும் ஒரு ஓட்டு. ஒரு குவில்ட்டில் ஒரே கைதான் இருக்க வேண்டும் என்பது பின்னால் வந்த எண்ணம். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெரிய சட்டத்தில் குவில்ட்டைக் கட்டி, அதைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகத் தைத்தார்கள். அப்படிப்பட்டவற்றை அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் நெருக்கமாகவும் இன்னோர் ஓரத்தில் அகலமாகவும் தையல் ஓடும். 1840களில் ஒவ்வொரு கட்டத்திலும் தைத்தவர் பெயரையே மையால் எழுதிவைக்கும் வழக்கமும் அங்கே பரவலாக இருந்தது. பல கைகள் பட்டது என்பதை மறைக்காமல், அதையே சொல்லத்தான் அந்தப் பெயர்கள்.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பெண்கள் செய்த குவில்ட்டுகளைத் தேடிப் பாருங்கள். கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிச் சேர்த்தவை, வீட்டில் குளிருக்குப் போர்த்தவென்று செய்தவை. கோடுகள் நேராக இருக்காது, தையல் ஒரே அளவில் இருக்காது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள், 2006இல் அமெரிக்க அஞ்சல் தலையிலும் வந்தன.

---

மாலைவெயில் · செப்டம்பர் 25

படிக்கும்போதே கை பரபரக்கிறது. நான் இருப்பது பூமியின் தென்பாதியில். எங்களுக்கு இலையுதிர் காலம் மார்ச்சில்தான் தொடங்கும், இப்போது வசந்தம். ஆனால் நான் வருடத்தில் மூன்று மாதம்தான் கையால் குவில்ட் தைக்கிறேன், அது இலையுதிர் காலத்தில்தான். கோடையில் மடியில் பஞ்சுத் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. குளிர் முற்றிவிட்டால் விரல் விறைக்கும். நடுவில் இருக்கும் இந்தக் கொஞ்ச நாளில்தான் மடியில் கிடக்கும் போர்வையின் சூடு இதமாக இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள், வெளிச்சம். இந்தப் பருவத்தில் பகல் வாராவாரம் குறைந்துகொண்டே போகும். சம இரவு நாளையொட்டிய வாரங்களில்தான் அந்தக் குறைவு மிக வேகமாக இருக்கும். போன வாரம் ஜன்னலோரம் தைத்த அதே நேரத்தில் இந்த வாரம் தையல் தெரியாது. வலது கைக்காரர் என்றால் விளக்கை இடது தோளுக்கு மேலே வையுங்கள். வலப்பக்கம் வைத்தால் உங்கள் கையின் நிழலே ஊசி மேல் விழும். இருண்ட நிறத் துணியைப் பகலிலும் வெளிர் துணியை இரவிலும் தைக்கும்படி பிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதனால் கண்வலி பாதியாகக் குறைந்தது.

---

இரவுத்தறி · செப்டம்பர் 26

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் இந்த மாதம்தான் தொடங்கினேன். சட்டைக்குப் பொத்தான் தைக்கும் நீள ஊசியைத்தான் வைத்திருக்கிறேன். இதற்கென்று தனி ஊசி தேவையா? ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் திம்பிள் போட்டால் விரல் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, போடாமல் தைத்தால் நடுவிரல் ரத்தம் கட்டுகிறது.

---

ஊசிக்காது · செப்டம்பர் 26

தம்பி, ஊசியை மாற்றினாலே பாதி சிரமம் தீரும். குவில்ட்டுக்கு என்று குட்டையான ஊசி உண்டு, 'பிட்வீன்ஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். எண் ஏற ஏற ஊசி சின்னதாகும். முதலில் 8 அல்லது 9ஆம் எண். கை பழகியதும் 10. குட்டை ஊசி வளையாது, மூன்று அடுக்கையும் நேராகத் துளைக்கும். இலைச்சருகு, உங்களுக்கும் இதுதான். பெரியம்மாவின் ஊசியை அளந்து பாருங்கள், கட்டாயம் குட்டையாகத்தான் இருக்கும்.

இப்போது தைக்கும் முறை. இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் ஐந்து நிமிடம்தான் ஆகும். எழுத்தில் முயற்சி செய்கிறேன்.

திம்பிள் நடுவிரலில். ஊசியை விரல்களால் பிடித்துத் தைப்பது இல்லை. ஊசியின் காதுப் பக்கத்தைத் திம்பிளின் குழியில் ஊன்றி, நுனியைத் துணியில் செங்குத்தாக நிறுத்துங்கள். மற்றக் கை போர்வைக்கு அடியில் இருக்க வேண்டும். அடியில் உள்ள விரல், நுனி லேசாக உறுத்தும்வரை காத்திருக்கும். உறுத்தியதும் அந்த விரல் அடியிலிருந்து ஒரு சிறு மேடாகத் துணியை மேலே தள்ளும். அதே நேரத்தில் திம்பிள் விரல் ஊசியின் காதுப் பக்கத்தைச் சாய்த்துக் கீழே கொண்டுவர, நுனி மேலே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்ததும் மறுபடி ஊசியை நிமிர்த்துங்கள். அடுத்த தையல். தொட்டில் ஆடுவது போல முன்னும் பின்னும் ஊசி ஆடும். மூன்று நான்கு தையல் ஊசியில் ஏறியதும் ஒரே தள்ளு, ஒரே இழுப்பு.

இதற்குத் துணி வளையத்தில் தப்பட்டை மாதிரி இறுக்கமாக இருக்கக் கூடாது. நடுவில் கையை வைத்தால் கொஞ்சம் குழிய வேண்டும். எம்ப்ராய்டரி பழகியவர்கள் எல்லோரும் இங்கேதான் தடுக்குவார்கள்.

நூல் முழம் அளவு போதும், 18 அங்குலம். அதற்கு மேல் போனால் உரசி உரசி நைந்துவிடும். முடிச்சை மேலேயும் விடக் கூடாது, அடியிலும் விடக் கூடாது. தைக்கும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மேல்துணியில் ஊசியை விட்டு, பஞ்சுக்குள் ஓட்டி, தொடங்கும் இடத்தில் எடுங்கள். நூலைச் சுண்டி இழுத்தால் 'டப்'பென்று முடிச்சு துணிக்குள் இறங்கிப் பஞ்சில் மாட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் சரி.

எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்குலத்துக்கு ஐந்து என்றால் ஐந்தும் ஒரே அளவாக, மேலே தெரியும் நீளமும் நடுவில் விடும் இடைவெளியும் சமமாக வரட்டும். கண் முதலில் பார்ப்பது சீரைத்தான். சீர் வந்துவிட்டால் எண்ணிக்கை தானாக ஏறும்.

---

துணிப்பெட்டி · செப்டம்பர் 28

தையலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் வீட்டுத் துணி பராமரிப்பு என் விஷயம். இந்தப் பருவத்தில் எல்லோர் வீட்டிலும் கம்பளியும் போர்வையும் வெளியே வரும். அதோடு சேர்த்துச் சில வார்த்தைகள்.

குவில்ட்டை உச்சி வெயிலில் போடாதீர்கள், சாயம் வெளிறும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒரே கயிற்றில் தொங்கவிடாமல் இரண்டு மூன்று கயிற்றில் பரத்திப் போடுங்கள். எடை ஒரே கோட்டில் விழுந்தால் பழைய தையல் தெறிக்கும்.

பூச்சியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கம்பளியை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. புழு தின்பது கம்பளி, பட்டு போன்றவற்றை. வியர்வையும் அழுக்கும் பட்ட இடம் என்றால் இன்னும் விரும்பும். அதனால் துவைக்காமல் கம்பளியை உள்ளே வைப்பதுதான் முதல் தவறு. பருத்திக் குவில்ட்டை அது பெரும்பாலும் தொடாது. ஆனால் கஞ்சி போட்டிருந்தால் ராமபாணப் பூச்சி வரும், அதற்கு மாவுப்பொருள் பிடிக்கும். எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி வேண்டாம்.

பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கும். மர அலமாரியின் வெறும் பலகை மேலும் நேராக வைக்காதீர்கள். மரத்தின் அமிலம் இறங்கிப் பழுப்புக் கறை விழும். துவைத்த பருத்தி விரிப்பில் சுற்றி வைப்பதுதான் நல்லது. உங்கள் பெரியம்மா அதைச் சரியாகச் செய்திருக்கிறார். ஊசியை மட்டும்தான் எடுக்கவில்லை.

எடுத்து வைத்ததை அப்படியே வருடக்கணக்கில் விடாமல் அவ்வப்போது வேறு கோட்டில் மடிக்க வேண்டும். நான் அதற்குக் கோடை முடிவையும் குளிர் முடிவையும் குறித்து வைத்திருக்கிறேன்.

---

இலைச்சருகு · செப்டம்பர் 28

துணிப்பெட்டி, கடைசி வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா ஊசியை எடுக்காமல் விடுகிறவர் இல்லை. மறுநாள் தொடரலாம் என்றுதான் விட்டிருப்பார்.

வளையத்தை எடுத்துவிட்டேன். ஊசியும் வந்துவிட்டது, ஒன்றேகால் அங்குலம்கூட இல்லை. நூல் தொங்குகிறது. கறையைத் தொடப்போவதில்லை. பிட்வீன்ஸ் 9 வாங்கியாயிற்று. வீட்டு வேலை முடிந்து ஒன்பது மணிக்கு உட்காருகிறேன்.

ஒரு சந்தேகம். பெரியம்மா கோடு வரைந்த தடம் எங்கேயும் இல்லை. நான் கோடு போட்டுக்கொள்ளச் சூடு பட்டால் மறையும் பேனா ஒன்றை வாங்கினேன். அது போதுமா?

---

பஞ்சுமூட்டை · செப்டம்பர் 29

அந்தப் பேனா வேண்டவே வேண்டாம். நான் பட்டது இது. ஒரு குழந்தைப் போர்வையில் அதனால் வரைந்து தைத்து, இஸ்திரி போட்டதும் பளிச்சென்று மறைந்தது. பரிசாக அனுப்பினேன், கடுங்குளிரில் சரக்கு வண்டியில் போயிருக்கிறது. அவர்கள் பிரித்தபோது எல்லாக் கோடும் திரும்பி வந்திருந்தது. அந்த மை சூட்டில் நிறம் இழக்கிறதே தவிரத் துணியை விட்டுப் போவதில்லை. உறைநிலைக்கு வெகு கீழே போனால் மறுபடி நிறம் பெற்றுவிடும்.

தண்ணீரில் கரையும் நீலப் பேனாவுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. கழுவும் முன் இஸ்திரி போட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

உங்களுக்கு வேண்டியது மூலைக்கு மூலை நேர்கோடு. காகித நாடாவை ஒட்டி அதன் ஓரமாகத் தைத்துவிட்டு உடனே உரியுங்கள். இரவு முழுக்க ஒட்டி வைத்தால் பசை தங்கும். பெரியம்மாவும் இதைத்தான் செய்திருப்பார், தடம் இல்லாததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

---

மாலைவெயில் · அக்டோபர் 6

எப்படிப் போகிறது இலைச்சருகு? நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், சொல்கிறேன். தைக்க உட்காரும் முன் ஆறு ஊசியில் நூல் கோத்துத் துணிப்பந்தில் குத்தி வைத்துவிடுவேன். ஆறும் தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. நடுவில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போவதற்கும் மனம் கோணாது. இலையுதிர் காலத்தில் வீட்டில் வேலை எப்போதும் அரைகுறையாகத்தான் நிற்கும், திரை மாற்றுவது, கம்பளி துவைப்பது, கதவிடுக்கு அடைப்பது என்று. ஆறு ஊசி என்பது அதற்குள் அடங்கும் அளவு.

கதவிடுக்கு என்றதும் நினைவு வந்தது. குவில்ட்டில் மிஞ்சும் வெட்டுத்துணி எல்லாவற்றையும் கதவின் அகலத்துக்கு ஒரு நீளப் பை தைத்து அதில் அடைத்து வைத்தால், கதவடியில் வரும் குளிர்காற்று நிற்கும். நூல் பிசிறுகூட வீணாகாது.

---

இலைச்சருகு · அக்டோபர் 13

ஐந்து கட்டம் முடிந்தது! அங்குலத்துக்கு ஆறு வருகிறது. அடியில் இருக்கும் ஆள்காட்டி விரலில் சின்னதாகக் காய்ப்பு வந்திருக்கிறது, இப்போது வலி இல்லை.

ஆனால் என் தையலும் பெரியம்மாவின் தையலும் சந்திக்கும் கோடு பளிச்சென்று தெரிகிறது. நேற்று இரவு ஒரு கட்டத்தைப் பிரித்துவிட்டேன். என்னுடையதைத்தான், அவருடையதை அல்ல. மறுபடி தைத்தும் அதே மாதிரிதான் வந்தது.

---

இரவுத்தறி · அக்டோபர் 13

அக்கா, வேண்டுமென்றே ஒரு தவறு வைத்துத் தைப்பார்களாம், முழுமை கடவுளுக்கு மட்டுமே உரியது என்று அமெரிக்காவின் அமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் அப்படிச் செய்ததாக எங்கோ படித்தேன். அப்படி நினைத்துக்கொள்ளலாமே.

---

நூலாம்படை · அக்டோபர் 14

இரவுத்தறி, நல்ல எண்ணத்தில் சொன்னீர்கள், ஆனால் அது கதைதான். குவில்ட் வரலாறு எழுதுகிறவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். தைத்தவர்கள் எல்லோரும் முடிந்த அளவு நன்றாகத்தான் தைக்கப் பார்த்தார்கள். கை எட்டிய அளவுக்கு வந்தது. எனக்கு அந்தக் கதையைவிட இந்த உண்மைதான் பிடித்திருக்கிறது.

இலைச்சருகு, வங்காளத்துக் காந்தா தெரியுமா? பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவது. அங்கே அழகு எங்கிருந்து வருகிறது என்றால் தையல் நெடுக ஓடி ஓடித் துணி சின்னச் சின்ன அலையாகச் சுருங்குவதில்தான். குவில்ட்டும் அப்படித்தான். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு லினன் குவில்ட்டின் பகுதி இருக்கிறது. பதினாலாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிசிலியில் செய்தது, டிரிஸ்டன் என்ற வீரனைப் பற்றிய பழைய ஐரோப்பியக் கதையைத் தைத்தது. இன்னொரு பகுதி ஃபிளாரன்சில். பஞ்சடைத்து மேடாக்கிய உருவங்களைப் பார்க்கும்போது, நிழல் விழுந்த பள்ளத்தைத்தான் கண் தொடர்கிறது. தையலை யாரும் எண்ணுவதில்லை.

துவைத்து எடுங்கள். பருத்திப் பஞ்சு முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். சதுரம் எல்லாம் புடைத்து வரும், தையல் பள்ளத்துக்குள் போகும். உங்கள் ஆறும் அவருடைய பத்தும் அதற்குப் பிறகு எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

---

ஊசிக்காது · அக்டோபர் 14

துவைப்பதற்கு முன் சாயம் பார்க்க மறக்காதீர்கள். நனைத்த வெள்ளைத் துணியால் ஒவ்வொரு சிவப்பையும் கருநீலத்தையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் எங்களிடம் சொல்லுங்கள், அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று. பழைய வகைப் பருத்திப் பஞ்சு என்றால், இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல் கோடாவது இல்லாவிட்டால் துவைக்கும்போது கட்டி தட்டி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். இப்போது வரும் பஞ்சில் எட்டுப் பத்து அங்குலம்கூட விடலாம், உறையிலேயே அளவு போட்டிருப்பார்கள். உங்கள் பெரியம்மா போட்ட மூலைவிட்டக் கோடுகளுக்கு நடுவே இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அவருக்குப் பஞ்சைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அதனால் ஒரு கோட்டைக்கூட விடாமல் தையுங்கள்.

---

இலைச்சருகு · நவம்பர் 10

பதினைந்து கட்டம் முடிந்தது. மன்னிக்கவும், நடுவில் பத்து நாள் மகளுக்குக் காய்ச்சல், ஊசியைத் தொடவில்லை. மாலைவெயில் சொன்ன ஆறு ஊசி எனக்கு நான்காகக் குறைந்தது, அதுவும் போதுமாக இருந்தது.

அவள் படுத்திருந்தபோது குவில்ட்டின் முடிந்த பக்கம் அவள் காலில், முடியாத பக்கம் என் மடியில். அவள் விரலால் தையலைத் தடவிக்கொண்டே "இது பெரிய பாட்டி, இது நீ" என்று கண்ணை மூடியபடி சரியாகச் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே விளையாட்டாகச் செய்தாள். அதற்குப் பிறகு நான் எதையும் பிரிக்கவில்லை.

ஓரப்பட்டிக்கு எவ்வளவு துணி வேண்டும்?

---

ஊசிக்காது · நவம்பர் 10

உங்கள் போர்வை 63க்கு 72 அங்குலம், சுற்றளவு 270. மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 282. இரண்டரை அங்குல அகலப் பட்டிகளை இரண்டாக மடித்துத் தைக்க வேண்டும். 40 அங்குல அகலத் துணியில் எட்டுப் பட்டி வெட்டினால் தாராளம், அதாவது 20 அங்குல நீளத் துணி. பட்டிகளைச் சாய்வாக இணையுங்கள், மடிப்பு ஒரே இடத்தில் குவியாது. ஓரம் நேராக இருப்பதால் பட்டியைத் துணியின் இழைக்குச் சாய்வாக வெட்ட வேண்டிய தேவை இல்லை. முன்பக்கம் தைத்து, பின்பக்கம் திருப்பி மறைத்தையல்.

பின்னால் ஒரு மூலையில் சின்னத் துணியில் பெயரும் வருடமும் எழுதித் தைத்துவிடுங்கள். இரண்டு பெயரும்.

---

இலைச்சருகு · டிசம்பர் 17

முடிந்தது.

கணக்கைவிட ஒரு வாரம்தான் பிந்தியது. கடைசியில் அங்குலத்துக்கு ஏழு வந்தது. சாயம் எதுவும் இறங்கவில்லை. குளிர்ந்த தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழியாமல் அழுத்தி, தரையில் விரித்து இரண்டு நாள் உலர்த்தினேன். நூலாம்படை சொன்ன மாதிரியே சதுரம் எல்லாம் புடைத்துவிட்டது. கோடு இன்னும் தெரிகிறது, ஆனால் தேடினால்தான்.

ஊசிக்காது அக்கா வெட்ட வேண்டாம் என்று சொன்ன நூலைக் கடைசிவரை தொடாமல் வைத்திருந்தேன். சுற்றிலும் எல்லாம் தைத்து, அந்த ஒரு கோட்டை மட்டும் பாக்கி விட்டேன். சுண்டிப் பார்த்தேன், அறுபடவில்லை. புது ஊசியில் கோத்து, துருக்கறையிலிருந்து தொடங்கினேன். முடிச்சுப் போட்டு உள்ளே இறக்க இடம் விட்டது போக இருபத்தாறு தையல் வந்தது. அதற்கு மேல் நூல் இல்லை. மிச்சக் கோட்டை என் நூலால் முடித்தேன்.

---

மாலைவெயில் · டிசம்பர் 17

அந்த இருபத்தாறையும் பார்க்க வேண்டும். பின்பக்கமும் சேர்த்துப் படம் போடுங்கள், தயவுசெய்து.

---

இலைச்சருகு · டிசம்பர் 17

நாளை காலை வெளிச்சம் வந்ததும் எடுத்துப் போடுகிறேன். இப்போது அதைப் போர்த்திக்கொண்டு மகள் தூங்குகிறாள்.